ஹீரோவை விடுங்கள், ஊரை எழுதுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

ஆர்பிஜி கேம்களைப் பற்றிய கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருந்தன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: நாமே ஒரு பாத்திரமாகி, அதன் திறமைகளை வளர்த்து, ஊர் ஊராகப் போய், ஆட்களோடு பேசி, சண்டை போட்டு, முடிவெடுத்து விளையாடும் கேம்கள் இவை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் தாய்.

*

காசிமேட்டை வைத்து ஓர் ஆர்பிஜி செய்ய ஆசை. ஹீரோவின் முன்கதையை மட்டும் அறுபது பக்கம் எழுதிவிட்டேன். அப்பா கொலை, ஜெயில், பழிவாங்கல் எல்லாம் இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தை நண்பர்களிடம் கொடுத்தால், டயலாக்கைப் படிக்காமலேயே தட்டித் தள்ளிவிட்டு "சண்டை எப்போடா வரும்" என்கிறார்கள். எங்கே தப்பு?
*கல்லூரி மாணவர், ராயபுரம்*

தம்பி, நண்பர்கள் மேல் கோபப்படாதீர்கள். அந்த அறுபது பக்கத்தில் உள்ளதெல்லாம் கேம் ஆரம்பிக்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது, அதில் விளையாடுகிறவர் கை வைக்க ஓர் இடம்கூட இல்லை, அப்புறம் அவர் என்னதான் செய்வார், பட்டனைத் தட்டுவார். நாவலில் ஹீரோ எழுத்தாளருடையவன். ஆர்பிஜியில் அவன் விளையாடுகிறவருடையவன். அவன் கோழையா, வாக்கு மாறாதவனா, காசுக்கு எதையும் செய்கிறவனா என்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார். உங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை, அவனுக்குப் பதில் சொல்லப்போகிற ஊரை எழுதுவது. இந்த ஒரு விஷயத்தைத்தான் கீழே வரும் பதில்களிலும் வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்தக் கலையில் எனக்கு இதைவிட முக்கியமானது எதுவும் தெரியவில்லை.

முன்கதையே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதைத் தேடி எடுக்க வைக்க வேண்டும். 1999-ல் பிளாக் ஐல் ஸ்டுடியோ செய்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' கேமில் ஹீரோ பிணவறையில் ஒரு பலகை மேல் கண் விழிக்கிறான். பெயர்கூட ஞாபகம் இல்லை. முதுகில் பச்சை குத்திய எழுத்து இருக்கிறது, அதைப் பக்கத்தில் மிதக்கும் ஒரு மண்டை ஓடு படித்துச் சொல்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போய் ஒவ்வொருவராக விசாரித்தால்தான் தான் யார், யாருக்கு என்ன கொடுமை செய்தோம் என்பது தெரியும். உங்கள் அறுபது பக்கத்துக்குச் சமமான முன்கதை அவனுக்கும் இருக்கிறது, ஆனால் அது ஊர்க்காரர்களின் வாயில், அவர்களுடைய கோபத்தில், பயத்தில் சிதறிக் கிடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஹீரோவுக்குச் சாவே கிடையாது. எல்லா கேம்களிலும் செத்தால் திரும்ப எழுந்து வருகிறோமே, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் கேம் அதையே கதையாக்கியது: அவன் செத்து எழும் ஒவ்வொரு முறையும் எங்கோ வேறொருவர் அவனுக்குப் பதிலாகச் சாகிறார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய கேம் என்பதால் இந்த ரகசியத்தை உடைத்துச் சொல்கிறேன். விதியும் கதையும் ஒரே விஷயத்தைப் பேசினால் எவ்வளவு கனம் வருகிறது பாருங்கள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான கேம் 2019-ல் வந்த 'டிஸ்கோ எலிசியம்'. எஸ்டோனியாவில் தொடங்கிய இசட்ஏ/யூஎம் குழு செய்தது, ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில். மார்டினேஸ் என்று ஒரு துறைமுகப் பேட்டை. அங்கே சங்கத்துக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், சரக்கு நகரவில்லை, லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஒரு விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒருவர் உடல் தொங்குகிறது, அதை விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் குடியில் தன் பெயரே மறந்துவிட்டது. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது, அந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேமை நாம் செய்யவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அந்தக் கேமில் சண்டைக்கென்று தனி முறையே இல்லை, பேச்சும் பகடையும்தான். ஆனால் சங்கத் தலைவர், கம்பெனி ஆள், புத்தகக் கடைக்கார அம்மா, அந்தப் பிணத்தின் மேல் கல்லெறிந்துகொண்டிருக்கும் பையன் என்று ஒவ்வொருவருக்கும் நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போன பிறகும் ஓடும் என்று நம்ப முடிகிறது.

இப்போது காசிமேட்டுக்கு வாருங்கள். கதையை ஏப்ரல் 14 ராத்திரி ஆரம்பியுங்கள். மறுநாளிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது, ஃபைபர் படகு மட்டும் கரையோரம் போய் வரலாம். அந்த ஒரு தேதி எல்லோருடைய தேவையையும் மாற்றிவிடும். லாஞ்ச் ஓனருக்கு இந்த 61 நாளில் படகைப் பழுது பார்த்தாக வேண்டும், கையில் காசில்லை. அவரிடம் அட்வான்ஸ் வாங்கிய கூலித் தொழிலாளி, தடை முடிவதற்குள் வேறு ஓனரிடம் போகப் பார்க்கிறார். ஐஸ் விற்கிறவருக்கு வியாபாரம் படுத்துவிடும். மீன் விற்கும் அக்காவுக்கு வரத்துக் குறைந்து விலை ஏறும், வாடிக்கை வீடுகள் ஏன் இந்த விலை என்று சண்டைக்கு வரும். இவர்களுக்குள் நாலு பேரை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு உதவினால் இன்னொருவருக்கு நஷ்டம் என்று முடிச்சுப் போடுங்கள். ஹீரோ கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து உள்ளே இறக்குங்கள், யாருடைய அட்வான்ஸையோ திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டாலே போதும். அப்பாவின் கொலை? இருக்கட்டும். டீக்கடைக்காரர் அதைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்கிறார். ஏலத்தில் கூவுகிறவர் ஹீரோ முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி கூவுகிறார். உங்கள் நண்பர்கள் "இவனுங்க எதையோ மறைக்கிறானுங்க" என்று தாங்களாகவே தோண்ட ஆரம்பிப்பார்கள்.

அறுபது பக்கத்தையும் தூக்கிப் போடாதீர்கள். ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று பிரித்து வைக்க அது உதவும்.

*

இப்போதைய கேம்களில் போகிற இடத்துக்கெல்லாம் அம்புக்குறி காட்டுகிறது. அது நல்லதா கெட்டதா?
*வண்ணாரப்பேட்டை வாசகர்*

வசதி என்று பார்த்தால் நல்லது. எழுத்துக்கு என்று பார்த்தால் கெடுதல். 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' கேமில் அம்பு கிடையாது, ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள், ஆற்றைத் தாண்டி இடது பக்கம் திரும்பு, உடைந்த தூண் தெரியும் என்கிற மாதிரி, அது நம் குறிப்பேட்டில் பதிவாகும், நாம்தான் தேடிப் போக வேண்டும். அதைச் செய்த பெத்தெஸ்டா நிறுவனமே 2006-ல் செய்த 'ஒப்ளிவியன்' அம்பைக் கொண்டுவந்தது. அம்பு வந்த பிறகு வழி சொல்லும் வசனத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை, கேட்கத் தேவையில்லாததை எழுதவும் ஆளில்லை, கடைசியில் ஊர்க்காரர்கள் வேலை கொடுக்கிற பொம்மைகளாக நிற்பார்கள். நம் பக்கம் வழி கேட்டுப் பாருங்கள். "ராயபுரம் மணிக்கூண்டுல இறங்கி, சர்ச் பக்கம் போகாதீங்க, எதிர்ல போங்க" என்பார்கள், கூடவே யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் இப்போது அங்கே இருக்க மாட்டாரே என்பதும் வரும். வழி சொல்லும்போதே ஒருவர் தன் ஊரை, தன் குணத்தை, பக்கத்து வீட்டுப் பகையைக் காட்டிவிடுகிறார். அந்த வாய்ப்பை ஓர் அம்புக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரமில்லாதவர்களுக்காக அம்பு ஒரு வசதியாக இருக்கட்டும், ஆனால் அம்பை அணைத்தாலும் கேம் ஓட வேண்டும்.

ஒப்ளிவியன் பற்றி இன்னொரு குறையும் உண்டு. நாம் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். கடைசியில் ரோட்டில் சில்லறை பறிக்கும் திருடன்கூட விலை உயர்ந்த கவசத்தோடு வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம்! ஊர் தன் இயல்பில் இல்லாமல் நம்மைச் சுற்றியே வளைந்துகொடுத்தால் வளர்ந்ததற்கு அர்த்தமே போய்விடுகிறது.

*

சாய்ஸ் சாய்ஸ் என்கிறார்கள், கடைசியில் எல்லாப் பாதையும் ஒரே எண்டிங்கில்தான் போய் முடிகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?
*வியாசர்பாடி வாசகர்*

உங்கள் கோபம் புரிகிறது. 2012 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' வந்தபோது உலகம் முழுக்க இதே கோபம்தான் வெடித்தது. மூன்று கேம்களாகச் சேர்த்துவைத்த முடிவுகளெல்லாம் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான, நிறம் மட்டும் மாறிய சில காட்சிகளில் முடிந்ததாக ரசிகர்கள் கொதித்தார்கள். அதைச் செய்த பயோவேர் நிறுவனம் அதே வருடம் ஜூனில் எண்டிங்கை நீட்டி இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் எண்டிங் மாறுவதுதான் சாய்ஸ் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1995-ல் வந்த ஜப்பானிய கேம் 'க்ரோனோ ட்ரிக்கர்' ஆரம்பத்தில் ஒரு திருவிழா வரும். நீங்கள் சாதாரணமாகச் சுற்றுவீர்கள். யாருடைய சாப்பாடோ மேஜையில் இருக்கும், கேமில் கிடைப்பதையெல்லாம் எடுத்துப் பழகிய கை அதையும் எடுத்துச் சாப்பிட்டுவிடும். ஒரு சின்னப் பெண் பூனையைத் தேடுவாள், உதவலாம், உதவாமலும் போகலாம். ஒரு பெண் மேல் மோதிவிடுவீர்கள், அவளுக்கு அடிபட்டதா என்று பார்ப்பதற்கு முன் கீழே விழுந்த பதக்கத்தை எடுக்க ஓடியிருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்து உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரணை நடக்கும், அங்கே இவை ஒவ்வொன்றும் சாட்சியாக வந்து நிற்கும். தீர்ப்பு எப்படி வந்தாலும் உங்களைச் சிறையில்தான் போடுவார்கள், கதைப் போக்கு மாறாது. ஆனால் அந்த விசாரணையை விளையாடியவர் யாரும் மறக்கவில்லை. ஏன்? கேம் தன்னைக் கவனித்துக்கொண்டிருந்தது என்று அந்த நிமிடம்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் சாய்ஸ் என்பேன். ஊர் பார்க்கிறது, ஞாபகம் வைத்திருக்கிறது என்ற உணர்வு.

அடுத்தது, விளைவு எப்போது வர வேண்டும் என்பது. உடனே வந்தால் பிடிக்காதவர் முன்பு சேமித்துவைத்த இடத்தை லோடு செய்து அங்கிருந்து மறுபடி ஆடிவிடுவார், முடிந்தது கதை. போலந்துக்காரர்களான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2007-ல் செய்த முதல் 'விட்சர்' இதற்கு ஒரு வழி கண்டது. ஆற்றங்கரையில் சில சரக்குப் பெட்டிகளைக் காவல் காக்கச் சொல்வார்கள், போராளிக் கூட்டம் வந்து கேட்கும், பாவம் என்று கொடுத்துவிடலாம். அப்போது ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் விளையாடிய பிறகு, விசாரணைக்கு அவசியமான ஓர் ஆளைத் தேடிப் போனால் அவன் செத்துக் கிடப்பான், அந்தப் பெட்டிகளில் போன ஆயுதத்தால். அவ்வளவு தூரம் யார் திரும்பிப் போவார்கள்? செய்ததைச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' 2015-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆரம்பத்தில் உங்களுக்கு அம்மா மாதிரி வரும் ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் லோடு செய்து உயிரோடு விட்டாலும், அதற்கு அடுத்து வரும் பேசும் பூ ஒன்று "நீ செய்தது எனக்குத் தெரியும்" என்கிற பாணியில் குத்திக் காட்டும். எனக்கு அங்கே உண்மையாகவே வியர்த்தது.

ஆகவே எண்டிங்குகளை எண்ணாதீர்கள். கேம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எங்கே கொண்டுவந்து எடுத்துப் போடுகிறது என்று பாருங்கள். எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் "உங்கள் முடிவு உலகை மாற்றும்" என்று விளம்பரம் செய்தால் அது ஏமாற்று வேலைதான், அங்கே நான் உங்கள் பக்கம்.

*

பதினொன்றாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் இந்த மாதிரி கேம்தான். கேட்டால் "இதில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும்மா" என்கிறான். நம்பலாமா?
*ஒரு தாய், கொருக்குப்பேட்டை*

அவன் சொல்வதில் பொய் இல்லை அம்மா, மேலே சொன்ன டிஸ்கோ எலிசியத்தில் மட்டும் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அது பெரியவர்களுக்கான கேம், ஒவ்வொரு கேமுக்கும் வயது வரம்பு போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, அந்தக் கேம் விளையாட விளையாடக் காசு கேட்கிறதா என்று பாருங்கள், ஒரு முறை வாங்கினால் முடிந்துவிடும் கேம் வேறு, குலுக்கல் மாதிரி புதுப் பாத்திரம் வேண்டுமா என்று தினம் பணம் கேட்கும் கேம் வேறு. இரண்டாவது வகை என்றால் போனில் இருக்கும் உங்கள் வங்கிக் கணக்கைப் பிரித்துவிடுங்கள். தூக்கமும் பள்ளிக்கூடமும் கெடாத அளவுக்கு நேரத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதில் இரக்கம் வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தால், ராத்திரி சாப்பிடும்போது கதையைக் கேளுங்கள். "நீ எந்தப் பக்கம் போன, ஏன் அவனை விட்டுட்ட?" என்று கேட்டால் அவன் தன்னைப் பற்றியே பேச ஆரம்பிப்பான்.

*

எல்லா ஆர்பிஜியிலும் ஏன் இவ்வளவு சண்டை? பேசியே முடிக்கக் கூடாதா?
*புளியந்தோப்பு வாசகி*

முடிக்கலாம். 1997-ல் வந்த 'ஃபால்அவுட்' கேமில் கடைசி வில்லனைச் சுடாமலே வீழ்த்தலாம். மனிதர்களையெல்லாம் மாற்றிப் புது இனம் படைக்கப்போகிறேன் என்பவனிடம், "நீ படைத்த இனத்துக்குப் பிள்ளை பிறக்காது" என்று ஆதாரத்தோடு காட்டினால் அவன் இடிந்துபோய்த் தன் கோட்டையோடு தன்னையே அழித்துக்கொள்வான். அந்த ஆதாரத்தை வழியில் நாம்தான் தேடி எடுத்திருக்க வேண்டும், பேசும் திறமையும் இருக்க வேண்டும். அதே கேமில் ஹீரோவை அறிவு மிகக் குறைந்தவனாக உருவாக்கினால் அவனுக்குச் சரியாகப் பேசவே வராது, கேம் முழுக்க வசனங்கள் உளறலாக மாறும்! எண்ணாகப் போட்ட ஒரு விதி வாய்ப்பேச்சு வரைக்கும் வருகிறது.

மற்ற கேம்களில் சண்டை ஏன் குவிகிறது என்றால், சண்டைக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். கொன்றால் எக்ஸ்பி என்கிற அனுபவப் புள்ளி, எக்ஸ்பி சேர்ந்தால் லெவல், லெவல் ஏறினால் பலம். நீங்கள் எவ்வளவு அழகாக அகிம்சை வசனம் எழுதினாலும் விதி கொலைக்குக் காசு கொடுத்தால் ஆட்கள் கொல்வார்கள். ஆரம்பகால டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எக்ஸ்பி பெரும்பாலும் கொண்டுவரும் புதையலுக்குத்தான் கிடைத்தது, அரக்கனைக் கொன்றால் ரொம்பக் கொஞ்சம். அதனால் அந்த ஆட்டக்காரர்கள் அரக்கன் தூங்கும்போது திருடிக்கொண்டு ஓடினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், பொறி வைத்தார்கள். ஒரே ஒரு கணக்கு, ஆட்களின் நடத்தையையே மாற்றிவிட்டது. 2007-ல் வந்த 'பயோஷாக்' கேமைப் பற்றி எழுதும்போது க்ளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் இதைத்தான் குறையாகச் சொன்னார், கதை ஒன்று சொல்கிறது, விளையாட்டு இன்னொன்று செய்யச் சொல்கிறது என்று. ராயபுரம் தம்பிக்கும் இது பொருந்தும்: உங்கள் கேமில் ஏலத்தைச் சுமுகமாக முடித்து வைப்பதற்கு லெவல் ஏறட்டும், அடிதடிக்கு ஏற வேண்டாம். வடசென்னை என்றாலே அரிவாளும் ரத்தமும் என்று காட்டிக் காட்டி நம்மை அலுக்க வைத்துவிட்டார்கள், அதையே நாமும் காட்ட வேண்டுமா?

*

நல்லவன் - கெட்டவன் என்று மீட்டர் வைப்பது பற்றி உங்கள் கருத்து?
*பெரம்பூர் வாசகர்*

எனக்குப் பிடிக்காது. மீட்டர் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆட்கள் மனசாட்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்ப்பார்கள். நல்லவனுக்கான நீல நிறப் பதிலுக்கு ஏழு புள்ளி என்றால் அந்தச் சமயத்தில் அது பொய்யாக இருந்தாலும் நீலத்தைத்தான் அமுக்குவார்கள்.

நல்லொழுக்கத்தை முதலில் கையில் எடுத்த கேம் இதை இன்னும் நன்றாகவே செய்தது. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4', வருடம் 1985. அதற்கு முந்தைய கேம்களில் ஊர் மக்களைக் கொல்லலாம், கடையில் திருடலாம், கேம் கண்டுகொள்ளாது. இதில் கடைசி வில்லனே கிடையாது, எட்டு நற்பண்புகளில் தேறுவதுதான் லட்சியம். பார்வையில்லாத ஒரு மூலிகைக்காரி இருப்பாள், காசை நீங்களே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் நேர்மையில் உங்கள் கணக்கு உள்ளுக்குள் குறைந்துவிடும், திரையில் எண் வராது, பிறகு ஒரு ஞானியிடம் போய்க் கேட்டால்தான் எங்கே சறுக்கினீர்கள் என்று தெரியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2010-ல் அப்சிடியன் செய்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' பிடித்த வழி. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு கூட்டமும் உங்களைப் பற்றித் தனித்தனியாக அபிப்பிராயம் வைத்திருக்கும், நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று அழிக்காமல் இரண்டும் நிற்கும். நிஜத்தில் அப்படித்தானே. காசிமேட்டில் கடவுளாகக் கும்பிடும் ஆளை மின்ட் பக்கம் கடனைத் திருப்பாதவன் என்று திட்டுவார்கள்.

தமிழில் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை யாராவது பயன்படுத்த வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மீட்டரே போடாதீர்கள். முதல் நாள் "இன்னா, யாரு நீ?" என்ற டீக்கடைக்காரர், நீங்கள் அவர் பையனைக் காப்பாற்றிய பிறகு "வாங்க தம்பி, உக்காருங்க" என்கிறார். நீங்கள் ஏமாற்றிய லாஞ்ச் ஓனர் அதுவரை வாங்க போங்க என்றவர், திடீரென்று "நீ வா" என்று இறங்குகிறார். அண்ணே என்று கூப்பிட்டவர் எந்த முறையும் சொல்லாமல் மொட்டையாகப் பேசுகிறார். எண்ணே இல்லாமல் ஊரின் மனசு விளையாடுகிறவருக்குப் புரிந்துவிடும். வேலை அதிகம், வினைமுற்று எல்லாவற்றையும் இரண்டு மூன்று விதமாக எழுத வேண்டும், ஆனால் அந்த உழைப்பு திரையில் தெரியும்.

*

கம்ப்யூட்டர் இல்லை, போன்தான். இவற்றில் எதையாவது விளையாட முடியுமா?
*திருவொற்றியூர் வாசகர்*

க்ரோனோ ட்ரிக்கர் போனில் இருக்கிறது. பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் 2017-ல் புதுப்பிக்கப்பட்டு போனுக்கும் வந்தது, எழுத்து ரொம்ப என்பதால் பெரிய திரை நல்லது. ஆங்கிலம் தடுமாறினால் க்ரோனோ ட்ரிக்கரில் தொடங்குங்கள், வாக்கியங்கள் சின்னவை.

*

நான் தனி ஆள். புரோகிராமிங் கொஞ்சம்தான் தெரியும். தமிழிலேயே ஆர்பிஜி செய்ய வேண்டும், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில். எதில் தொடங்குவது?
*எண்ணூர் வாசகி*

அண்டர்டேல் பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை, படங்களுக்குத்தான் டெமி சாங் போன்றவர்கள் கை கொடுத்தார்கள். ஆகவே ஆள் பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அளவைச் சின்னதாக வையுங்கள். ஒரு தெரு, ஒரு நாள், ஆறு பேர்.

முதலில் 'ட்வைன்' எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம், எழுத்தை மட்டும் வைத்துக் கிளைக்கதை செய்யலாம். அது பிரவுசரில் ஓடுவதால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வசனம், சாய்ஸ், யாருக்கு என்ன ஞாபகம் என்பதையெல்லாம் அதிலேயே ஓட்டிப் பார்த்து, ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் கொடுத்து, அவர்கள் எந்த இடத்தில் படிப்பதை நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அது தேறிய பிறகுதான் படம், நடை, இசை. அப்போது கேம் செய்யும் மென்பொருளான 'கோடோ' நான்காம் பதிப்பு உங்களுக்குத் தோதாக இருக்கும், 2023-ல் வந்தது, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது, அதுவும் இலவசம். யூனிட்டி என்ற இன்னொரு கேம் மென்பொருளில் எழுத்தைக் காட்ட வழக்கமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அப்படி நேராகத் தமிழ் வராது, 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், அதற்குத் தனியாக வேலை பார்க்க வேண்டும்.

ஊர்ப் பேச்சு பற்றி: எல்லோரையும் ஒரே மாதிரி "இன்னாமே, வாம்மே" என்று பேச வைக்காதீர்கள், அது வெளியாட்கள் நம்மைப் பற்றி எழுதும் வசனம். எண்ணூரில் வலை பின்னும் தாத்தா பேசுவது வேறு, அனல்மின் நிலையத்துக்கு ஷிப்டு போகிறவர் பேசுவது வேறு, வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வெளியில் தமிழ் பேசும் அம்மா வேறு, கல்லூரிக்குப் போகும் அவர் பெண் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அதைப் பற்றி இந்த நாலு பேரும் நாலு விதமாகத்தானே பேசினார்கள். அந்த நாலு விதத்தையும் எழுதினாலே உங்களுக்கு ஒரு குவெஸ்ட், அதாவது ஹீரோ முடிக்க வேண்டிய ஒரு வேலை, கிடைத்துவிடும், யார் பக்கம் நின்று அதிகாரியிடம் சாட்சி சொல்வது என்று. திரையில் வரும் ஒரு வசனப் பெட்டிக்கு மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு சின்னத் தொழில்நுட்பக் குறிப்பு. வசனம் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு மாதிரி திரையில் வரும் பாணி ஆர்பிஜியில் பிரபலம். அதைத் தமிழில் அப்படியே செய்தால் 'கோ' வருவதற்கு முன் ஒரு கணம் 'க' தெரிந்து மறையும், புள்ளி தனியாக வந்து ஒட்டும், படிக்கிறவர் கண்ணுக்கு வலிக்கும். உயிர்மெய் முழுசாகச் சேர்ந்த பிறகு ஓர் எழுத்தாகக் காட்டும்படி நிரலில் சொல்லிவிடுங்கள், அல்லது சொல் சொல்லாக வரவிடுங்கள். முதல் ஆறு பேரின் வசனம் தயாரானதும் அனுப்புங்கள், படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.